கல்லிலிருந்து இறங்கிய பெயர்கள்

ஆரம்பாக்கத்தில் நின்று கிளம்பும் ரயிலுக்கு அடுத்த நிலையம் தடா, அது ஆந்திரம். தமிழ்நாட்டின் வடகோடியான இந்த ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரிக்கரையில் பழைய எழுத்து எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால், பழவேற்காட்டில் உள்ள டச்சுக்காரர்களின் கல்லறைகளைத்தான் காட்டுவார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, இங்கிருந்து துணி ஏற்றி அனுப்பி, இங்கேயே செத்துப்போனவர்களின் பெயர்கள் அந்தக் கற்களில் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான்.

ஆனால் அவற்றுக்குப் பல நூற்றாண்டு முந்திய எழுத்தும் பக்கத்திலேயே இருக்கிறது. பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் உள்ள திருப்பாலைவனம் சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அவற்றைக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. சாமி கும்பிட்டுவிட்டுச் சுற்றி வருகிறவர்களின் முழங்கால் உயரத்தில் அந்த எழுத்து ஓடுகிறது.

இந்தக் கட்டுரை அத்தகைய எழுத்தில் உள்ள ஒரு பெயரைப் பின்தொடர்கிறது. குறிப்பிட்ட ஒரு ஆளின் பெயரை அல்ல. விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர், நிலம் விற்றவர், சாட்சியாக நின்றவர், ஓலை எழுதியவர் என்று தொண்டைமண்டலத்திலும் சோழமண்டலத்திலும் கல்லில் ஏறிய ஆயிரக்கணக்கான பெயர்களில் எதுவாகவும் அது இருக்கலாம். அந்தப் பெயர் கல்லிலிருந்து காகிதத்துக்கு இறங்கி, மலையேறி, கடல் கடந்து, ஒரு ஜப்பானியப் பேராசிரியரின் வாழ்நாள் வேலையாக மாறிய கதை இது.

கல்லிலிருந்து பெயர் இறங்கும் விதத்தை ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும். முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். நூற்றாண்டுக் கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் எழுத்துப் பள்ளங்களில் அடைத்துக்கொண்டிருக்கும். அது போகாமல் வேலை நடக்காது. பிறகு நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, கெட்டியான பிரஷ்ஷால் அடிப்பார்கள். தட்டுவது அல்ல, அடிப்பதுதான். தாள் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கிப் பதிய வேண்டும். அதே சமயம் கிழியக் கூடாது. ஓரளவு காய்ந்ததும் கரிமையில் தோய்த்த துணிப்பொதியால் மேலே ஒற்றிக்கொண்டே போவார்கள். மேடான பரப்பெல்லாம் கறுப்பாகும், பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாக நிற்கும். உரித்தெடுத்தால் சுவரின் நேர்ப்பிரதி கையில் இருக்கும். இதைத்தான் மைப்படி என்கிறார்கள். கல்லில் வெயிலும் நிழலும் விழுந்து கண்ணை ஏமாற்றும் எழுத்துகூட மைப்படியில் துலங்கிவிடும். கடலோரக் கோயில்களில் உப்புக்காற்று கல்லைப் பொரிய வைக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்து எழுத்தையே அழித்த கோயில்களும் தமிழ்நாட்டில் உண்டு. அங்கெல்லாம் மைப்படிதான் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி.

1886இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரைச் சென்னை அரசாங்கம் கல்வெட்டாய்வாளராக நியமித்ததிலிருந்து இந்த வேலை முறையாக நடந்தது. வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி என்று அடுத்தடுத்து வந்தவர்கள் ஊர் ஊராக ஆள் அனுப்பிப் படியெடுத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஆண்டும் எண்ணும் போட்டு ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கம் வெளியிட்டார்கள். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்ற தொகுதி வரிசை 1890இல் தொடங்கியது. முழு வாசகத்தோடு அச்சேறியவை கொஞ்சம். சுருக்கத்தோடு நின்றுபோனவை ஏராளம். படிகள் சுருள் சுருளாக உதகமண்டலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஏரிக்கரைக் கோயிலில் ஆடு கொடுத்தவனின் பெயர் நீலகிரிக்கு மலையேறியது இப்படித்தான்.

1961இல் நொபுரு கராஷிமா தமிழ்நாட்டுக்கு வந்தார். 1933இல் டோக்கியோவில் பிறந்தவர். அப்போது வயது 28. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார், உதகையில் கல்வெட்டு வாசிக்கப் பழகினார். 1964 வரை இங்கே தங்கினார். தமிழே அந்நியமான ஒருவர் சோழர் கால எழுத்தை, புள்ளி வைக்காத மெய்யெழுத்தை, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேற்றுமை தெரியாத வரிகளைப் படிக்க உட்கார்ந்தார் என்றால், அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்! தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கே ஒரு வரியைப் படித்து முடிக்க மூச்சு முட்டுகிறது.

அவர் கையில் ஒரு கேள்வியோடு வந்தார். போருக்குப் பிந்திய ஜப்பானில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஆசிய நாடுகளில் நிலம் தனியாருக்குச் சொந்தமாக இருந்ததில்லை, கிராமங்கள் மாறாமல் உறைந்து கிடந்தன, மேலே ஓர் எதேச்சாதிகார அரசு உட்கார்ந்திருந்தது என்று ஐரோப்பியர்கள் ஒரு சித்திரம் தீட்டியிருந்தார்கள். மார்க்ஸும் அதை எடுத்தாண்டார். அது உண்மையா? ஜப்பானுக்கு இது வெறும் ஏட்டுக்கேள்வி அல்ல. தன் கடந்த காலத்தைப் பற்றியும், தான் படையெடுத்துச் சென்ற ஆசியாவைப் பற்றியும் புதிதாக யோசிக்க வேண்டிய கட்டாயம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. தமிழகத்தில் கல்லில் எழுதிய நில ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, ஊகத்துக்கு என்ன வேலை?

1966இல் அவர் வெளியிட்ட கட்டுரை இரண்டு ஊர்களைப் பற்றியது. திருச்சிப் பக்கம் காவிரிக்கரையில் அடுத்தடுத்து இருந்த அல்லூரும் ஈசானமங்கலமும். அல்லூர் வேளாளர் ஊர், ஈசானமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். கல்வெட்டுகளில் நிலம் கைமாறும்போது யார் விற்கிறார் என்று பார்த்தார். ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். அல்லூரில் ஊரே கூடி, ஊராராக விற்கிறது. பொதுவுடைமையும் தனியுடைமையும் ஒரே காலத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கின்றன! ‘ஆசிய கிராமம்’ என்று ஒட்டுமொத்தமாகப் பேசியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. பிறகு 13ஆம் நூற்றாண்டுக்கு வந்தார். திருவானைக்காவல் கல்வெட்டுகளில் பெரிய நிலங்களைத் தனி ஆட்களே விற்பதைக் கண்டார். ஆக, கிராமம் உறைந்தும் கிடக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளில் நிலவுடைமை தலைகீழாக மாறியிருக்கிறது.

கராஷிமாவின் அல்லூர்க் கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஏரியின் பாடு முறை நினைவுக்கு வருகிறது. பழவேற்காட்டில் பட்டினவர் குப்பங்கள் சில, இறால் விழும் இடங்களைத் தனி ஆளுக்குச் சொந்தமாக விடுவதில்லை. இடம் எல்லாருக்கும் பொது. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விடியாது. உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் சாதியும் ஊரும் குறுக்கிடுகின்றன. அதனால் சச்சரவும் உண்டு. அல்லூரின் ஊரார் நிலத்தைப் பொதுவாக வைத்திருந்தார்கள் என்பதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறவர்கள் இந்தக் குப்பங்களுக்கு வந்து ஒரு பாடு பிரிப்பைப் பார்க்கலாம். பொது என்பது எல்லோருக்கும் உரியது என்று ஆகிவிடாது. அதற்குள்ளும் அதிகாரம் உண்டு. கராஷிமா கல்வெட்டில் தேடியதும் அந்த அதிகாரத்தைத்தான்.

அவருக்கு முன்னும் கல்வெட்டிலிருந்து வரலாறு எழுதினார்கள், மிகச் சிறப்பாகவே எழுதினார்கள். நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ இல்லாமல் யாரும் இந்தத் துறையில் காலெடுத்து வைக்க முடியாது. ஆனால் அந்த முறையில் ஒரு குறை இருந்தது. தஞ்சையில் ஒரு கல்வெட்டு, காஞ்சியில் ஒன்று, 10ஆம் நூற்றாண்டில் ஒன்று, 13இல் ஒன்று என்று எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ‘சோழர் காலம்’ என்று ஒரே படமாக வரைந்தார்கள். கண்ணைப் பறிக்கும் கல்வெட்டுகளுக்கு மதிப்பு அதிகம். உத்தரமேரூர் குடவோலையை எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். பக்கத்து ஊரில் ஆடு கொடுத்தவனை யாருக்கும் தெரியாது. கராஷிமா அந்த ஆடு கொடுத்தவனிடம் போனார். ஒரு சாதாரணக் கல்வெட்டு தனியாக நின்றால் எதுவும் சொல்லாது. அதே வகையான ஆயிரத்தை இடம் வாரியாக, காலம் வாரியாக அடுக்கி எண்ணினால் அரசு எப்படி வேலை செய்தது என்பது வெளியே வரும். அவருடைய முறை அவ்வளவுதான். அந்த முறைக்கு ஐம்பது ஆண்டு உழைப்புத் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் நம் பெயர் கடல் கடக்கிறது. கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மாட்சுயி மூவரும் அதுவரை அச்சேறியிருந்த சோழர் கல்வெட்டுகளில் உள்ள ஆட்பெயர்களை எல்லாம் திரட்டினார்கள். சுப்பராயலு சோழநாட்டின் அரசியல் புவியியல் பற்றி 1973இல் நூல் வெளியிட்டவர். கல்வெட்டில் நாடு என்று வரும் வட்டாரங்களை இன்றைய வரைபடத்தில் ஊர் ஊராகக் குறித்தவர். பெயர்கள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு டோக்கியோவில் கணினிக்குள் போயின. கணினி என்றால் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் இயந்திரமாக இருந்த காலம். வெளியே வந்தவை மூன்று பெரிய தொகுதிகள். 1978இல் மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை வெளியிட்டது. ராஜராஜன் காலத்துக் குடியானவனின் பெயர் டோக்கியோ போய் மதுரைக்குத் திரும்பி வந்து அச்சேறியது. பார்ப்பதற்கு அது தொலைபேசி எண் புத்தகம் போல வெறும் பட்டியல். எனக்கோ, இருபதாம் நூற்றாண்டில் தமிழக வரலாற்றுக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடைகளில் ஒன்றாகவே அது தோன்றுகிறது.

பட்டியலில் என்ன இருக்கிறது? சோழர் காலத்துப் பெரிய மனிதரின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். முதலில் அவர் எந்த ஊர் உடையான் என்று வரும், அது நிலம். அடுத்து அவருடைய இயற்பெயர், தகப்பன் பெயரோடு சேர்ந்து வரும், அது குடும்பம். அதன் பிறகு ‘ஆன’ என்ற ஒட்டு. கடைசியில் மன்னனின் பெயரோ விருதோ சேர்ந்த ஒரு பட்டம்: இன்ன மூவேந்தவேளான், இன்ன பல்லவரையன் என்று. ஆக ஒரே பெயருக்குள் ஊரும் அரண்மனையும் கைகோத்து நிற்கின்றன. மூவேந்தவேளான் பட்டம் முதலாம் ராஜராஜன் காலத்தை ஒட்டித் திடீரென்று பெருகுகிறது. அவர்களில் பலர் அரசு அலுவல் பார்த்தவர்கள். காலம் செல்லச் செல்ல அது குறைந்து, அரையன் என்று முடியும் பட்டங்கள் மேலெழுகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் வெறும் பெயர். எண்ணிப் பார்த்தால், நிலக்கிழார்களை மன்னன் தன் ஆட்களாக எப்படி இழுத்துக்கொண்டான், எப்போது அந்தப் பிடி தளர்ந்தது என்ற அரசியல் வரலாறு.

வரிகளையும் கராஷிமா இதே போல எண்ணினார். கடமை, குடிமை, வெட்டி, எச்சோறு, அந்தராயம் என்று கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கான வரிச்சொற்கள் வருகின்றன. முன்பெல்லாம் அவற்றைப் பட்டியல் போட்டு, சோழன் இத்தனை வரி வாங்கினான் என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எந்தச் சொல் எத்தனை முறை, எந்த மண்டலத்தில், எந்த அரசன் காலத்தில் வருகிறது என்று அவர் கேட்டார். சோழமண்டலத்துக்கும், எங்கள் ஏரிக்கரை அடங்கிய ஜெயங்கொண்ட சோழமண்டலத்துக்கும் வேறுபாடு உண்டா என்று பார்த்தார். எங்கும் பரவலாக வருபவை சிலவே. மற்றவை ஓரிரு இடத்தில் தலைகாட்டிவிட்டுப் போகிறவை. அரசு உண்மையில் வாங்கியது எது என்பதை இப்படித்தான் பிரித்தறிய முடிந்தது.

1980இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைனின் நூல் வந்து பெரும் புயலைக் கிளப்பியது. சோழ அரசு என்பது காவிரிக் கழிமுகத்தில் மட்டுமே உண்மையான அதிகாரம் கொண்டது, மற்ற இடங்களில் அந்தந்த வட்டாரத்து நாட்டார்கள்தான் ஆண்டார்கள், மன்னனுக்கு அங்கே சடங்கு மதிப்பு மட்டுமே என்பது அவர் வாதம். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் ஒன்றை ஆராய்ந்த எய்டன் சவுத்தாலிடமிருந்து அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டார். கராஷிமாவும் சுப்பராயலுவும் ஒப்பவில்லை. மன்னன் பட்டம் கொடுத்த ஆட்களின் பெயர்களையும், வரித்துறைப் பதவிகளையும், வளநாடு என்று நிலத்தை மாற்றிப் பகுத்ததையும் எடுத்து வைத்தார்கள். ஸ்டைன் நம்மைப் புதிதாக யோசிக்க வைத்தவர். அந்த நன்றி அவருக்கு உண்டு. ஆனால் சோழ அரசு வெறும் சடங்கு அல்ல என்பதை நிறுவியது இந்தப் பெயர்களின் கணக்குதான் என்பது என் முடிவு.

விஜயநகர காலத்துக்கு வந்தபோது அவர்கள் கையில் கிடைத்தது இன்னும் பெரிய விஷயம். 1429இல் காவிரிக்கு வடக்கே பல ஊர்க் கோயில்களில் ஒரே மாதிரியான கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. வெட்டியது மன்னன் அல்ல. வலங்கை, இடங்கைச் சாதியார் இரு தரப்பும் கூடி எடுத்த முடிவு அது. விளைச்சலைப் பாராமல் அதிகாரிகளும் நிலக்காணியாளரும் சேர்ந்து அநியாய வரி வாங்குகிறார்கள். ஊரை விட்டு ஓடிப்போகவும் நினைத்தோம். நாம் ஒன்றுபட்டு நிற்காததால்தான் இது நடக்கிறது. இனி இன்னின்ன வரிதான் கொடுப்போம் என்று கல்லில் எழுதி வைத்தார்கள். தமிழக வரலாற்றில் குடிமக்கள் தம் குரலில் பேசிய அரிய ஆவணங்கள் இவை. படிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, அது ஓர் எழுச்சி என்று விரிவாகக் காட்டிய ஆய்வு 1980களில்தான் வந்தது. நம் பாடப்புத்தகத்தில் இன்றும் அதற்கு உரிய இடம் இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பின் தைஷோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார் கராஷிமா. 1984, 1992, 2001, 2009 என்று ஆங்கில நூல்கள் வந்தன. தென்னிந்தியக் கடற்கரையிலும் இலங்கையிலும் சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடியலைந்து, அதையும் நூலாக்கினார். சீனத்துச் சுவன்சௌ துறைமுகத்தில் 1281இல் தமிழில் வெட்டிய சிவன் கோயில் கல்வெட்டைப் பற்றியும் எழுதினார்.

தமிழ் அரசியலும் அவரை விடவில்லை. 1989இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவரானார். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் மாநாட்டின்போது கா. சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கைத் தமிழறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தமிழாய்வு மாநாட்டுக்கு வந்த தமிழறிஞரை அனுமதிக்காத அந்த வெட்கம் நம்முடையது. மேடையில் அதைச் சுமந்தவர் ஒரு ஜப்பானியர். 2010இல் மாநாடு நடத்தத் தமிழக அரசு விரும்பியபோது, ஆய்வுக் கட்டுரைகள் தயாரிக்க அவகாசம் போதாது என்று அவர் இசையவில்லை. அரசு, கோவையில் செம்மொழி மாநாடு என்ற பெயரில் தனியாக நடத்திக்கொண்டது. அவர் தலைமையிலிருந்து விலகினார். ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்று ஓர் அரசிடம் சொல்லிவிட்டு நிற்கத் துணிவு வேண்டும்.

கராஷிமாவின் ஆய்வுக்காலத்தில் எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கே. வி. கேசவன் ஜப்பானின் அரசியலையும் வெளியுறவையும் பல ஆண்டுகள் கற்பித்தார். தென்கிழக்காசியாவோடு ஜப்பானின் உறவு பற்றி 1972இலும், சமகால ஜப்பானிய அரசியல் பற்றி 1989இலும் நூல்கள் எழுதினார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சாவித்திரி விஸ்வநாதன், போருக்குப் பின் ஜப்பானும் சோவியத்தும் சமாதானமான கதையை 1973இல் நூலாக்கினார். கராஷிமா நம் அரசியலின் ஆயிரம் ஆண்டுப் பழைய ஏட்டைப் புரட்டியபோது, இவர்கள் அவருடைய நாட்டின் நேற்றைய ஏட்டைப் புரட்டினார்கள். ஆனால் ஜப்பானிய அரசியலைப் பற்றித் தமிழில் படிக்க நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

2013இல் கராஷிமாவுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பிரதமர் மன்மோகன் சிங் டோக்கியோ சென்றிருந்தபோது நேரில் கொடுத்தார். 2014இல் அவர் பதிப்பித்த தென்னிந்தியச் சுருக்க வரலாறு வெளிவந்தது. 2015 நவம்பர் 26 அன்று காலமானார்.

மைப்படிகளின் பயணமோ நிற்கவில்லை. 1966இல் கல்வெட்டு அலுவலகம் உதகையிலிருந்து மைசூருக்கு மாறியபோது அவையும் மைசூர் போயின. தமிழ்ப் படிகள் அங்கே சேதமாகின்றன, பல தலைமுறையாகியும் அச்சேறவில்லை என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. அதன்படி ஆயிரக்கணக்கான படிகள் சென்னை வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆரம்பாக்கத்திலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் இரண்டு மணி நேரம் போதும். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் வரலாறு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேருக்கு வட்டெழுத்தும் கிரந்தமும் சோழர் காலத் தமிழ் எழுத்தும் கற்றுக்கொடுத்து, ஏரியைச் சுற்றிய கோயில்களின் ஆண்டறிக்கைச் சுருக்கங்களை முதலில் கையில் கொடுக்க வேண்டும். பிறகு படிகளை. ஊர்ப்பெயர், ஆட்பெயர், பட்டம், வரி, காலம் என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு தாளில் நிரப்பத் தொடங்கினால், இந்தக் கரையில் யார் யாருக்கு வரி கட்டினார்கள், யாருடைய ஆளாக இருந்தார்கள் என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். அன்று அறையளவு இயந்திரம் செய்த அடுக்கும் வேலையை இன்று அவர்கள் கையில் உள்ள போனே செய்யும். முழு வாசகமும் அச்சேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.